ஏறாத முள்

டமார்!

டயர் வெடித்த சத்தம் இல்லை. அதைவிடக் கனமாக, தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்ததுபோல ஒரு சத்தம். டோல்கேட் பகுதியில் தன் ஆட்டோ எலக்ட்ரிக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்த மொஹ்சின், தூக்கிய கையோடு திரும்பினான். நடு ரோட்டில் ஒரு பழைய பஸ் நின்றிருந்தது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாய் ஆவி. உள்ளேயிருந்து பெண்களின் அலறல்.

டிரைவர் பிராங்கிளினின் பஸ்.

தினமும் காலை ஏழே காலுக்கு அந்த பஸ் கடையைத் தாண்டும். புளியந்தோப்பில் கிளம்பி, வியாசர்பாடியைச் சுற்றி, வண்ணாரப்பேட்டை வழியாக எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்கு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும். கடை வந்ததும் பிராங்கிளின் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். மொஹ்சின் கையிலிருக்கும் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுவான். இன்றைக்கு ஹாரனுக்குப் பதில் இந்தச் சத்தம்.

மொஹ்சின் ஓடினான். பின்வாசல் வழியாகப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்வாசலில் பிராங்கிளின் வந்தான். ஐம்பத்து மூன்று வயது ஆள், இரண்டு கைகளிலும் ஒரு பெண்ணை ஏந்திக்கொண்டு, காலில் செருப்பில்லாமல். அந்தப் பெண்ணின் புடவை முழங்காலுக்குக் கீழே நனைந்து, தொங்கி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஆட்டோ! யாராவது ஆட்டோ கூப்புடுங்கப்பா! மாமு, தண்ணி எத்தினு வா!"

மொஹ்சின் கடையிலிருந்த குடத்தை அப்படியே தூக்கி வந்து கால்களில் ஊற்றினான். அவள் பெயர் பூவம்மா என்பது அவனுக்குத் தெரியும். தினம் பானட் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். அது பழைய மாடல் வண்டி. என்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்குள்ளேயே இருக்கும். அதன்மேல் ஒரு தகர மூடி, மூடியின் மேல் ரெக்சின் மெத்தை. அதுதான் பானட் சீட். உள்ளே தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்து, கொதிநீர் அந்த மூடியின் இடுக்கு வழியாக நேராக அவள் கால்களில் கொட்டியிருக்கிறது.

ஆட்டோ வந்தது. பூவம்மாவோடு வேலை செய்யும் ரமாபாய் ஏறி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போப்பா, இன்னாத்தப் பாத்துகினு கீற!" என்று ஆட்டோ டிரைவரை ஒரு அதட்டு அதட்டினாள். ஆட்டோ பறந்தது.

பிராங்கிளின் திரும்பி வந்தான். மொஹ்சினின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"முள்ளு ஏறவே இல்ல மாமு. சத்தியமா ஏறவே இல்ல. அந்தப் பொண்ணு ரெண்டு தபா சொல்லிச்சு, 'அண்ணே, இன்னிக்கு சீட்டு தோசக்கல்லு மாரி கீது'ன்னு. நான்தான், 'புது மீட்டரும்மா, தோ பாரு, முள்ளு கீய தூங்கிகினு கீது, சொம்மா குந்து'ன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன் மாமு!"

மொஹ்சின் பஸ்ஸுக்குள் ஏறி எட்டிப் பார்த்தான். டேஷ்போர்டில் ஹீட் மீட்டர் பளபளவென்று இருந்தது. முள் அடிக்கோட்டில் சாதுவாகப் படுத்திருந்தது.

அந்த மீட்டரை மாட்டியவன் அவன்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்புவரை அந்த வண்டியில் ஹீட் மீட்டர் என்ற ஒன்று இருந்ததே தவிர வேலை செய்யவில்லை. முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. பிராங்கிளின் வாசனையை வைத்தும், பூவம்மாவை வைத்தும் ஓட்டினான். அவள் சீட்டில் நெளிய ஆரம்பித்தால் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் ஊற்றுவான். "எனக்கு ரெண்டு கூலி குடுக்கணும் அண்ணே, ஒண்ணு கம்பெனியில, ஒண்ணு இங்க" என்பாள் அவள். ஆறு மாதம் முதலாளியை நச்சரித்து, கடைசியில் புது மீட்டரும், அதற்கு என்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரும் வாங்க வைத்தான் பிராங்கிளின். மொஹ்சின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டையும் மாற்றிக் கொடுத்தான்.

பூவம்மாவின் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியம் அன்றோடு போயிற்று.

*

பதினோரு மணிக்கு பஸ் சாத்தாங்காட்டுக்கு இழுத்து வரப்பட்டு முதலாளியின் ஷெட்டில் நின்றது. சுற்றிலும் இரும்புக் கடைகள்; தகடு இறக்கும் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. முதலாளி சுப்புராயன் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படாமல் ஒதுங்கி நின்றார். ஆறு பஸ் வைத்திருக்கிற மனிதர். ஆறும் அந்த ஒரே தொழிற்சாலைக்குத்தான் ஓடுகின்றன.

"கம்பெனியில இருந்து போன் மேல போன்" என்றார். "ரெண்டு மணிக்குள்ள எழுத்துல காரணம் வேணுமாம். வண்டியில குறையா, டிரைவர் கவனக்குறைவான்னு. டிரைவர்னு போச்சுன்னா போலீஸ்ல கொடுத்துடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது, பிராங்கிளினு."

கேஸ் என்றால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் இந்த வயதில் பிராங்கிளினுக்கு வேறு தொழில் கிடையாது. ராயபுரத்தில் அவன் மனைவி ஹில்டாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. காலையிலிருந்து அவளுடைய நான்கு அழைப்புகளை எடுக்காமல் விட்டிருந்தான்.

கோளாறு எதனால் வந்தது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வாட்டர் பம்ப்பின் உள்விசிறி தேய்ந்து கழன்று கிடந்தது. தண்ணீர் சுற்றவில்லை, என்ஜின் கொதித்துவிட்டது. பழைய வண்டியில் யார் கையிலும் இல்லாத சமாச்சாரம் அது. கேள்வி வேறு. தண்ணீர் கொதிப்பதற்கு எத்தனையோ நிமிடம் முன்பே முள் சிவப்புக்குப் போயிருக்க வேண்டும். போனதா? போனதை டிரைவர் பார்க்காமல் விட்டானா?

"பாய், நீ மாட்டுன மீட்டர். நீயே பார்த்துச் சொல்லு" என்றார் சுப்புராயன்.

மொஹ்சின் சாவியைத் திருப்பினான். முள் அடியில் கிடந்தது. என்ஜின் ஆறிவிட்டதால் அது சரிதான். சென்சாருக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கழற்றி, அதன் நுனியை என்ஜின் இரும்பில் தொட்டான். நல்ல மீட்டர் என்றால் முள் மேலே பாய வேண்டும்.

பாய்ந்தது. ஒரே தாவலில் சிவப்பைத் தொட்டு நின்றது. எடுத்தான், விழுந்தது. தொட்டான், ஏறியது.

"ஆக, மீட்டர் நல்லா இருக்கு. ஒயரும் நல்லா இருக்கு." சுப்புராயன் பிராங்கிளினை ஏறிட்டுப் பார்த்தார். "கண்ணுதான் நல்லா இல்ல போல."

"சார், ஏசுவாண! ஏறல சார்!"

"இருங்க சார்" என்றான் மொஹ்சின். "சென்சார் பாக்கி கீது."

சுப்புராயனின் போன் மறுபடி அடித்தது. அவர் பேசிக்கொண்டே ஷெட்டுக்கு வெளியே போனார்.

என்ஜின் தலைப்பக்கம் திருகியிருந்த அந்தப் பித்தளைச் சென்சார், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மொஹ்சின் ஸ்பேனரைப் போட்டு அதைத் திருகினான். வழக்கத்தைவிட வழுவழுவென்று வந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

திருகு மரை முழுக்க, அடி வாஷரையும் சேர்த்து, வெள்ளை டேப். குழாய் வேலைக்காரர்கள் தண்ணீர் ஒழுகாமல் இருக்கச் சுற்றுகிற டேப்.

"இன்னா மாமு?" பிராங்கிளின் எட்டிப் பார்த்தான்.

மொஹ்சின் எதிர் டீக்கடைக்குப் போய்க் கொதிக்கிற தண்ணீரை ஒரு அலுமினியக் கூஜாவில் வாங்கி வந்தான். டேப்பை உரித்துப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டான். சென்சாரின் அடியைக் கொதிநீரில் முக்கி, அதன் தலையில் ஒயரை மாட்டி, அதன் பித்தளை உடம்பிலிருந்து இன்னொரு ஒயரை என்ஜினுக்கு இழுத்தான்.

டேஷ்போர்டில் முள் மெல்ல அசைந்தது. பாதியைத் தாண்டியது. சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டே போனது.

"அதுவும் நல்லா கீதா?" பிராங்கிளினின் குரல் உடைந்தது. "அப்போ எல்லாமே நல்லா கீது, நான் ஒருத்தன்தான் கலீஜா?"

"அது இல்ல. இத்தப் பாரு." மொஹ்சின் இரண்டாவது ஒயரைப் பிடுங்கினான். முள் பொத்தென்று விழுந்தது. "சென்சாருக்கு ஒயரு ஒண்ணுதான். இன்னொரு வயி அதோட உடம்பு. மரை இரும்ப தொட்டாத்தான் கரண்டு போவும், முள்ளு ஏறும். மரையில டேப்ப சுத்திட்டா இரும்பத் தொடாது. உள்ள எரிமலையே வெடிச்சாலும் முள்ளு கீயதான் குந்திகினு இருக்கும்."

"டேப்பா? யாரு சுத்துனது?"

"அத்த நீதான் சொல்லணும்."

பிராங்கிளின் அவனையே பார்த்தான். இருபது வருடமாக ராயபுரம் கேரம் கிளப்பில் எதிரெதிரே உட்கார்ந்து ஜோடி ஆடியவர்கள். ஒருவன் முகத்தைப் பார்த்தே அடுத்த அடி என்னவென்று மற்றவனுக்குத் தெரியும்.

"இன்னா மாமு, என்னாண்டயே டபாய்க்கிறியா? நான் ஏன் சுத்தறேன்?"

"போன வருசம் டீசல் டேங்கு ஒயுவுதுன்னு சோப்பு வெச்சு அடச்சவன் யாரு? சைக்கிள் டியூப்ப வெட்டி ஓசுல கட்னது யாரு? எவனாவது ஒரு வேல நல்லபடியா பாத்து முடிச்சா, நீ சும்மா உட்டிருக்கியா? அப்பால போயி ஒரு நோண்டு நோண்டுவ."

"அதெல்லாம் நான்தான். இது நான் இல்ல. ஹில்டா தலையில அடிச்சு சொல்றேன், அந்த எடத்த நான் கையாலயும் தொடல." சொல்லிவிட்டு பிராங்கிளின் தயங்கினான். "தண்ணி சொட்டிச்சுதான். நீ மாட்டிட்டுப் போன மூணாம் நாளு லேசா சொட்டிச்சு. உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தேன். அப்பால அதுவே நின்னுட்ச்சு, உட்டுட்டேன்."

மொஹ்சினுக்குச் சுருக்கென்றது. சொட்டியதா?

சொட்டியிருக்கும். புதுச் சென்சாரோடு செம்பு வாஷர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காது என்று பழைய வாஷரையே தட்டி நிமிர்த்திப் போட்டவன் அவன். சூடேறினால் தானாக உட்கார்ந்துவிடும் என்று நினைத்தான். யாரோ டேப் சுற்றியதே அவன் வேலை ஒழுகியதால்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான்கு நாள் முன்பு கடையைத் தாண்டும்போது பிராங்கிளின் ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனான்: "மாமு, உன் மீட்டரு சோக்கா கீது! வண்டி ஐஸ்கட்டி மேல குந்திகினு வர்றா மாரி கீது!" மொஹ்சின் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை ஆட்டினான். இருபது வருடப் பழைய டீசல் என்ஜினின் முள் பாதிக்குக்கூட வரவில்லை என்றால் அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா? அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பையிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தான். உரிக்கும்போதே ஒன்று கவனித்திருந்தான். சுற்றிய கை நல்ல கை. மரை ஓடும் திசையிலேயே, மடிப்பு விழாமல், நுனியில் துண்டு நீட்டிக்கொண்டிராமல் சுற்றியிருந்தது. பிராங்கிளின் எதைக் கட்டினாலும் பொட்டலம் மாதிரி இருக்கும்.

அந்த எண்ணத்தை மொஹ்சின் மேலே யோசிக்கவில்லை. யோசித்தால் அடுத்த கேள்வி அவனிடம்தான் வரும்.

சுப்புராயன் உள்ளே வந்தார். கூஜாவையும், ஒயரையும், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பாய்? சொல்லு."

மொஹ்சின் டேப்பை எடுத்து நீட்டினான். விஷயத்தைச் சொன்னான். சுப்புராயன் புத்திசாலி; பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"அப்ப இதைச் சுத்தினவனாலதான் எல்லாம். இந்த எடத்துல கை வெச்சது ரெண்டே பேர். மாட்டினது நீ. வண்டியை வெச்சிருந்தது அவன்." விரலை நீட்டவில்லை, ஆனால் நீட்டியது மாதிரி இருந்தது. "நீ சுத்தினியா?"

ஷெட்டுக்கு வெளியே யாரோ ஒரு கட்டு கம்பியை இறக்கினார்கள். சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் நின்றார்கள்.

"நான் சுத்தல சார்" என்றான் மொஹ்சின்.

அது உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. என் வேலைதான் ஒழுகியது, அவன் சுற்றினானா என்று எனக்குத் தெரியாது, அது அவன் கை மாதிரி இல்லை. பிராங்கிளின் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தான். ஜோடி ஆட்டக்காரனின் முகத்தைப் பார்ப்பதுபோல மொஹ்சினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மொஹ்சினுக்குக் கடை ஞாபகம் வந்தது. ஒழுகல் அவன் பேரில் என்றால் நாளைக்கே சுப்புராயன் ஆறு பஸ்ஸையும் வேறு கடைக்கு அனுப்புவார். போலீஸ் அவன் ஷட்டரைத் தட்டும். அவன் குனிந்து ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சரி" என்றார் சுப்புராயன். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "பிராங்கிளினு, நீயே எழுதிக் கொடுத்துடு. தெரியாம டேப் சுத்திட்டேன்னு எழுது. தெரியாமன்னு போட்டா கொஞ்சம் இரக்கமா பார்ப்பாங்க. எழுதலைன்னா, முள்ளு ஏறினதைப் பார்த்தும் ஓட்டினான்னு நான் எழுத வேண்டி வரும். அது இன்னும் மோசம்."

"செய்யாதத எப்டி சார் செஞ்சேன்னு எழுதறது?"

"அப்ப யார் செஞ்சதுன்னு சொல்லு."

பிராங்கிளின் யார் பேரையும் சொல்லவில்லை. பிறகு மொஹ்சினிடம் வந்து, அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்துக்கொண்டான்.

"இத்தயாவது குடு மாமு" என்றான்.

நான்கு வரி எழுதினான். கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பித் தரும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஷெட்டின் வாசலில் ஒரு கணம் நின்றான். செருப்பில்லாத காலை அப்போதுதான் கவனித்தவன் போலப் பார்த்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தான்.

"நாளைக்கு வேற டிரைவர் வரான்" என்றார் சுப்புராயன். "பம்ப்பை மெக்கானிக் பார்த்துக்குவான். நீ அந்த சென்சாரை ஒழுங்கா மாட்டிடு."

மொஹ்சின் மாட்டினான். மரையைக் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தான். புதுச் செம்பு வாஷர் வாங்கி வந்து போட்டான். திருகினான். பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் சென்சாரின் உடம்புக்கும் இடையே டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தான். லாம்ப் நன்றாக எரிந்தது. இவ்வளவு சுத்தமாக அவன் அந்த வருடத்தில் எந்த வேலையும் பார்த்ததில்லை.

*

நான்கு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு ரொட்டி பாக்கெட், நாலு சாத்துக்குடி. எதற்காகப் போகிறோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றியவன் பார்க்கப் போவது முறைதானே என்று சொல்லிக்கொண்டான்.

பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் பூவம்மா படுத்திருந்தாள். முழங்காலிலிருந்து பாதம்வரை இரண்டு கால்களிலும் கட்டு. ரமாபாய் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா பாய்" என்றாள் பூவம்மா. முகம் வெளிறியிருந்தாலும் வாய் வெளிறவில்லை. "நீ காலையில ஊத்துன ஒரு கொடத் தண்ணிதான் என் காலக் காப்பாத்திச்சாம். டாக்டரு சொன்னாரு. தோலு வந்துடுமாம். சினிமாவுல ஆடத்தான் ஆவாது."

"முன்ன மட்டும் ஆடிகினு இருந்தா" என்றாள் ரமாபாய். "பதினோரு வருசமா பைப் செக்சன்ல பைப்பக் கட்டிகினு அயுவுறா. வலியில கூட கேக்குறா, இன்னிக்கு வால்வு மாத்தணுமே, எவன் மாத்துவான்னு."

மொஹ்சின் சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"டிரைவர் அண்ணன் வர்லயா?" பூவம்மா அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வருவான். ஷெட்டுல வேல."

"பாவம் பாய் அந்த ஆளு. என்னத் தூக்கிகினு எறங்கசொல்ல சின்னப் புள்ள மாரி அயுவுறாரு. அவரு மேல ஒண்ணும் வராது இல்ல? கம்பெனியில கேட்டா நானே சொல்றேன், அவரு முள்ளப் பாத்துகினேதான் ஓட்டினாருன்னு. எனக்கும் காட்டினாரே."

மொஹ்சின் தலையை அசைத்தான். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவனுக்கே விளங்கவில்லை. இங்கேயிருந்து நேரே ராயபுரம் போக வேண்டும், பிராங்கிளின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றியது. தட்டி என்ன சொல்வது? ஏண்டா சுத்துனே என்று மறுபடி கேட்பதா?

"இன்னா பாய், மூஞ்சி ஒரு மாரி கீது? நீ போட்ட மீட்டராலதான்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"அதானே." அவள் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்னாண்ட ஒண்ணு கேக்கணும் பாய். கோச்சுக்கக் கூடாது. உன் வேலையில கொற சொல்றேன்னு நெனச்சுக்குவியோன்னுதான் இத்தினி நாளா யாராண்டயும் சொல்லல."

"கேளும்மா."

வேலை தெரிந்தவளின் சின்னப் பெருமை ஒன்று அந்த வலியிலும் அவள் முகத்தில் எட்டிப் பார்த்தது.

"உன் பித்தள சென்சாராண்ட தண்ணி சொட்டிகினே இருந்திச்சா, டிரைவர் அண்ணன் டீக்குப் போன நேரமா பாத்து, வண்டி ஆறிக் கெடக்க சொல்ல, சீட்டு மூடியத் தொறந்து அத்தக் கயட்டி, எங்க செக்சன் டேப்ப நான்தான் நல்லா இறுக்கமா சுத்தி முடுக்கி உட்டேன்; இம்மாம் ஆவி அடிச்சிச்சே, அந்த எடத்துல ஒரு சொட்டாவது கசிஞ்சிச்சா பாய்?"